ரெண்டு லைன், ஒரே போஸ்ட்

பேக்கப் நெட் போட்டுக் கொடுக்கிறவனை, நெட் நின்ற நாளில் மட்டும்தான் ஊர் நினைத்துக்கொள்ளும், அதுவும் திட்டுவதற்கு. தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் மேசைக்கடியில் தவழ்ந்து வயர் சொருகுகிற என் சகோதரர்களே, உங்களுக்கு இது புதிதில்லை. உத்தமபாளையத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் சுலைமான் பாய் கடையில் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

எதுக்கு இன்னொன்று?

பாய் கடையில் நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரே ஒரு நெட் லைன். அது போனால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்கிற மாதிரி செய்யலாம் என்று மூன்று நாள் விளக்கினேன். பாய் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நாலாவது நாள் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சலித்துப்போய் நான் எழுந்தபோது கேட்டார்: “நல்லா ஓடுற பஸ்ஸுக்குப் பின்னாடியே ஒரு காலி பஸ்ஸும் வரணுங்கிறீக. அப்படித்தானே தம்பி?”

முருகனின் யோசனை

பரீட்சை முடிவு வந்த அன்று அந்த லைன் படுத்துக்கொண்டது. மறுநாளே பாய் சம்மதித்துவிட்டார். வேறொரு கம்பெனியின் கேபிளைப் பிடித்தேன். அதைப் பின்தெரு வழியாகத்தான் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பின்தெருவில் நாலு வீட்டு மொட்டைமாடிக்கு அனுமதி கேட்க வேண்டும். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. எனக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். கேபிள் இழுக்க வந்த முருகன், முன்தெருவில் பழைய லைன் வருகிற அதே போஸ்ட் கம்பத்தைக் காட்டிச் சொன்னார்: “கம்பெனி வேற வேறதானண்ணே, போஸ்ட்டு ஒண்ணா இருந்தா என்ன ஆயிரப்போகுது?” அதிலேயே கட்டச் சொல்லிவிட்டேன்.

பிடுங்கிப் பார்ப்பது

போட்டால் போதுமா, ஒரு லைனைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாமா? பாய் விடவே இல்லை. காலையில் கடை திறந்ததும் பிடுங்கினால் சரிப்படாது என்றார். மத்தியானம் கூட்டம். சாயங்காலம் விளக்கு போடுகிற நேரத்தில் எதையும் அணைக்கக் கூடாது. கடைசியில் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடை மூடுகிற நேரத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். பிடுங்கினேன். நாலு நொடியில் இரண்டாவது லைன் எடுத்துக்கொண்டது. நான் பிடுங்கியது மேசைக்கடியில் இருந்த வயரைத்தான். வெளியே இருந்த போஸ்ட்டை மறந்தே போனேன். தொழுகை முடித்து வந்த பாய்க்கு அப்படி ஒரு சந்தோஷம். “இனி வர்றவுகளுக்குத் தைரியமாச் சொல்லலாம் தம்பி” என்றார்.

ஐந்து மணி

ஆறு மாதம் கழித்து, பிரிண்டர் பார்க்கப் போயிருந்தேன். நர்சிங் கவுன்சலிங்குக்குக் கல்லூரிப் பட்டியலை அனுப்பக் கடைசி நாள். ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். ஒரு பெண் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். ஓடிபி வருகிற போன் அவள் அம்மாவிடம் இருந்தது. அம்மாவோ மலைமேல் ஏலத்தோட்டத்தில், சிக்னல் இல்லாத இடத்தில். ஆள் மூலம் சொல்லியனுப்பி, ஜீப்பிலிருந்து இறங்கி அவர் ஓடிவந்தபோது நாலரை தாண்டியிருந்தது. பட்டியல் பாதி ஏறுவதற்குள் லைன் போனது.

“ரெண்டே நிமிஷம், இன்னொரு லைன் எடுத்துக்கிரும்” என்று பெருமையாகச் சொன்னேன். எடுக்கவில்லை. வெளியே ஓடிப் பார்த்தேன். சாக்கடை தோண்டிய பொக்லைன் இடித்து அந்தப் போஸ்ட் சாய்ந்து கிடந்தது. இரண்டு கேபிளும் அறுந்திருந்தன. பக்கத்து டவருக்கும் அவ்வழியாகத்தான் கேபிளாம், எங்கள் எல்லார் போனும் செத்துவிட்டது. ஆட்டோ பிடித்துச் சின்னமனூருக்குப் பறந்தோம். அங்கே ஒரு கடையில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தபோது ஐந்து பத்து. மூடிவிட்டார்கள். அந்தச் சுற்றில் அவளுக்கு இடம் போனது.

அந்தப் பெண் அழுதாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் அம்மா என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். ஏலக்காய்க் கறை படிந்த கையால் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே அவர் சொன்னார்: “காலையில நான் கிளம்புறப்பவே இங்கன சின்னமனூருக்குத்தான் வரச் சொன்னேன். பாய் கடையில ரெண்டு லைன் இருக்கு, நிக்கவே நிக்காதுன்னு பிள்ளைதான் அங்கன போனுச்சு.”

எது நின்றாலும் வேலை நிற்கக் கூடாது என்று ஊரெல்லாம் பாடம் நடத்துகிற நான், என் சோம்பலுக்கு மட்டும் ஒரு மாற்று ஏற்பாடு செய்து வைக்கவில்லை.