கிட்டாருக்குப் பூக் கட்டிப் பார்த்தோம்

ஒரு கிட்டாரை மாற்றிக்கொள்ளலாமா வேண்டாமா என்று சாமியிடம் போய்ப் பூக் கட்டிக் கேட்ட குடும்பம் விழுப்புரத்தில் எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். பெண் பார்க்கப் போவதற்கும், கிணறு வெட்டுவதற்கும், மாடு பிடிப்பதற்கும் பூக் கட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. கம்பி வாத்தியத்துக்குக் கட்டிப் பார்த்ததாக இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்றைக்குப் பொட்டலத்தை எடுத்த கை என்னுடையது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

எண்பதுகளின் நடுவில் நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். சித்தப்பா பகலில் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளந்தார். கல்யாணம், திருவிழா என்று வந்துவிட்டால் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கப் போவார். எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையை விட்டு வாசனை போகாது. அதனால் அந்தக் கிட்டாரிலும் எப்போதும் லேசாக மண்ணெண்ணெய் வாசம் வீசும்.

பழைய மரக் கிட்டார். கை உரசி உரசி ஒரு பக்கம் மெருகு போய் வெறும் பலகை தெரிந்தது. கம்பி கட்டிய இடத்தில் ஒரு விரிசலும் இருந்தது. ஐப்பசி மழை வந்தால் மரம் ஊறிச் சுதி இறங்கிவிடும். அப்போது சித்தப்பா, "அதுக்குச் சளி புடிச்சிருக்குது பாப்பா" என்று சொல்லி அடுப்படிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாத்தி வைப்பார். அம்மா முனகுவாள். எனக்கு அந்தப் பெட்டிமேல் தீராத ஆசை. ஓட்டை வழியாக உள்ளே பார்ப்பேன், முதுகில் காதை வைத்துக் கேட்பேன், ஒரு கம்பியைச் சுண்டிவிட்டு அந்தச் சத்தம் எங்கே போய் முடிகிறது என்று வெகுநேரம் காத்திருப்பேன்.

அது யார் கொடுத்தது என்று கேட்டால் மட்டும் வீட்டில் ஒழுங்கான பதில் வராது. சித்தப்பா திண்டிவனத்தில் அறை எடுத்துத் தங்கிக் கல்லூரியில் படித்தபோது, பக்கத்துச் சர்ச்சில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒரு டீச்சர் இருந்தாராம். சித்தப்பாவுக்குக் கிட்டார் கற்றுக்கொடுத்தது அவர்தான். கல்யாணம் முடிந்து வெளியூர் போகும்போது தன் கிட்டாரையும் இவரிடமே கொடுத்துவிட்டுப் போனாராம். இவ்வளவும் அம்மா பக்கத்து வீட்டு அக்காளிடம் தணிந்த குரலில் சொன்னபோது காதில் விழுந்தது. அந்த டீச்சர் வேதக்காரப் பெண், நாங்கள் முருகனுக்குக் காவடி எடுக்கிற குடும்பம் என்பதையும் அம்மா அதே மூச்சில் சொன்னாள். அதற்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

ஒருமுறை மெட்ராஸ் போகும் வழியில் பஸ் திண்டிவனத்தில் நின்றது. எல்லோரும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கித் தின்றுகொண்டிருக்க, சித்தப்பா மட்டும் சன்னல் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"இங்க உங்களுக்கு யாரு சித்தப்பா இருக்காங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல பாப்பா. இப்ப யாருமில்ல" என்றார்.

அந்த வருடம் தை மாதத்தில் சித்தப்பாவுக்குக் கல்யாணமானது. சித்தி கூட்டேரிப்பட்டுப் பக்கம், கேப்பையும் மல்லாட்டையும் பயிர் போடுகிற வீட்டுப் பெண். அதிகம் பேசமாட்டாள், ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பாள். சித்தி வந்த பிறகு சித்தப்பா வீட்டுக்குள் கிட்டாரைத் தொடுவதே இல்லை. மொட்டைமாடிக்கு எடுத்துப் போய் மெதுவாக வாசிப்பார். கேட்டால், கீழே புழுக்கமாக இருக்கிறது என்பார். மாசிப் பனியிலும் அவருக்குப் புழுங்கியது.

இப்படி இருக்கும்போதுதான் சிவப்புக் கிட்டார் வந்து சேர்ந்தது. மெல்லிசைக் குழுவை நடத்திய மாஸ்டர் புதிதாகப் பெரிய ஸ்பீக்கர்கள் வாங்கியிருந்தார். சித்தப்பாவின் மரக் கிட்டார் அந்த இரைச்சலில் யார் காதுக்கும் எட்டவில்லை. கரண்டில் வாசிக்கிற கிட்டார் இல்லாமல் இனி மேடை ஏற முடியாது, நீ கொண்டு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று மாஸ்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்கு மேடை என்றால் உயிர். மண்ணெண்ணெய் அளக்கிற மனிதர், பளபளவென்று சட்டை போட்டுக்கொண்டு நிற்பது அங்கே மட்டும்தான்.

வளவனூரில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளை பிரான்சிலிருந்து லீவில் வந்தபோது ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டு வந்திருந்தார். எங்கள் ஊர்க் கரண்டை நம்பி அதை வாசிக்க முடியாது என்பது வந்த வாரமே அவருக்குத் தெரிந்துபோயிற்று. சித்தப்பாவிடம் மரக் கிட்டார் இருப்பதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வாங்கி மடியில் வைத்தார், கண்ணை மூடி இரண்டு கம்பியை மீட்டினார், "மாத்திக்கலாமா சார்?" என்று கேட்டார். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் அதன்பிறகு சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் பேச்சு நடந்தது. அப்பாவுக்கு இது பெரிய பேஜாரு. "புதுசு வருதுன்னா வாங்கிக்கினு போவியா, இத்தப் போய் ஒரு யோசனை பண்ணிக்கினு" என்றார். அம்மா மாற்றிவிட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தாள். "வந்த பொண்ணு மனசையும் பாக்கணும் தம்பி" என்றாள். சித்தப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, "எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி, குடுத்துடலாம்" என்றார். ஆனால் குடுத்துடலாம் என்று சொன்ன மனிதர் அன்று மாலை மாடியில் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு, வாசிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். சித்தியும் துணி எடுக்க வந்து பார்த்துவிட்டு, துணியை எடுக்காமலே இறங்கிப் போனாள்.

மறுநாள் சித்தி வாயைத் திறந்தாள். "திருவாமாத்தூர் கோயில்ல பூக் கட்டிப் பாத்துடலாங்க. எங்க ஊட்ல எதுன்னாலும் அப்படித்தான்" என்றாள். சிவப்புப் பூ வந்தால் சிவப்புக் கிட்டார். வெள்ளைப் பூ வந்தால் இருப்பதே இருக்கட்டும். எடுக்கிறது குழந்தைக் கையாக இருக்க வேண்டும். அப்பா சிரித்தார், ஆனாலும் சாமி விஷயம் என்பதால் மறுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் டவுன் பஸ்ஸில் கிளம்பினோம். அப்பா மட்டும் வரவில்லை. ஏறுவதற்கு முன் சித்தப்பா என்னைச் சோடாக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கோலி சோடா வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, "சித்தி பொட்லம் கட்டும்போது கூடவே குந்திக்கினு பாரு. செவப்பு எதுல இருக்குதுன்னு வெச்சிக்கோ. அதையே எடு" என்றார்.

"உங்களுக்குப் பழசுதானே புடிக்கும்?"

"புடிக்கும். அதுக்குத்தான் மாத்தணும்ன்றேன்."

இதைவிடக் குழப்பமான பதிலை நான் அதுவரை கேட்டதில்லை. சோடா மட்டும் நன்றாக இருந்தது.

பஸ்ஸில் அம்மா தன் பங்குக்கு வேறொன்றைச் சொல்லிவைத்தாள். அந்தக் கோயிலில் ஒரு வட்டப்பாறை உண்டு, அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவனைப் பாம்பு தேடிப் போய்க் கடிக்கும், எங்கே ஓடினாலும் விடாது. நான் காலைத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டேன். திருட்டுத்தனமாகப் பூ எடுப்பது பொய்ச் சத்தியத்தில் சேருமா என்று அம்மாவிடம் கேட்கவும் முடியவில்லை.

கோயிலில் தூணோரமாக உட்கார்ந்து சித்தி ஒயர் கூடையைத் திறந்தாள். வாழை இலையைத் துண்டாகக் கிழித்து இரண்டு வைத்தாள். நான் ஒட்டி உட்கார்ந்து கண்ணிமைக்காமல் பார்த்தேன். ஓரம் நைந்த துண்டில் சிவப்பு அரளியை வைத்தாள், மற்றதில் வெள்ளை நந்தியாவட்டையை வைத்தாள். "பாப்பா, ஓடிப்போய் அம்மாகிட்ட விபூதி வாங்கிக்கினு வா" என்றாள். நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தபோது இரண்டும் வாழைநார் கட்டி முடிந்திருந்தன. பரவாயில்லை, ஓரம் நைந்த இலை எது என்று வெளியிலிருந்தே தெரிந்தது.

சன்னதியில் இரண்டு பொட்டலத்தையும் வைத்துக் கும்பிட்டார்கள். குருக்கள் என்னை எடுக்கச் சொன்னார். சித்தப்பா என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நான் பாம்பையும் நினைத்துக்கொண்டு, சோடாவையும் நினைத்துக்கொண்டு, ஓரம் நைந்ததை எடுத்துக் கொடுத்தேன். குருக்கள் நாரை அவிழ்த்தார்.

உள்ளே நந்தியாவட்டை இருந்தது.

சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. வெளியே வந்ததும் என் காதருகே குனிந்து, "மாத்தி எடுத்துட்டியா?" என்றார். இல்லை, செவப்பு வைத்த அதே இலைதான் என்று அம்மாமேல் சத்தியம் செய்தேன். அது உண்மை. சித்தப்பா சன்னதிப் பக்கம் திரும்பி, கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். அதுவரை அவர் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. தான் செய்த தந்திரத்தைச் சாமியே புரட்டிப் போட்டுவிட்டது என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது.

பிரிக்காத பொட்டலத்தைக் குளத்தில் விடுவது வழக்கம். சித்தி அதைக் கூடையில் போட்டுக்கொண்டாள். அவள் நின்று கும்பிடுகிற நேரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. சிவப்பு எப்படி அந்தப் பக்கம் போனது என்று தெரிந்தாக வேண்டும். எடுத்து நாரை உருவினேன். அதிலும் நந்தியாவட்டை.

நிமிர்ந்தால் சித்தி நிற்கிறாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். என் கையிலிருந்து அந்தப் பூவை எடுத்தாள், என் பின்னலில் செருகினாள், "அழகா இருக்குது, வா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் பல நாள் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. சித்தியைப் பாம்பு கடிக்கப் போகிறது, அது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். காலையில் எழுந்ததும் அவள் பாயைத் தூக்கிப் பார்ப்பேன். கொல்லைப்பக்கம் அவள் போனால் கூடவே குச்சியோடு போவேன். கடைசியில் தாங்கமுடியாமல், உன்னைப் பாம்பு கடிக்காதா என்று கேட்டே விட்டேன். சித்தி துவைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் சோப்புத் தண்ணீர் என்மேல் தெறித்தது.

"பொய் சொன்னாத்தானே கடிக்கும். நான் வாயே தெறக்கலியே" என்றாள்.

"ஏன் சித்தி ரெண்டும் வெள்ளை வெச்ச?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு சட்டையைப் பிழிந்தாள். "எனக்காகன்னு அவுரு குடுத்துட்டாருன்னு வையி. அப்பறம் நான் அவுரு மூஞ்ச எப்படிப் பாக்கறது? ஆனா நான் வெச்சிக்கங்கன்னு சொன்னா கேப்பாரா? சாமி சொன்னா கேப்பாரு. யாருகிட்டயும் சொல்லாத." சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் சொல்லவில்லை. சித்தப்பாவின் சோடா விஷயத்தைச் சித்தியிடமும் சொல்லவில்லை. ஆளுக்கொரு ரகசியத்தை என்னிடம் கொடுத்துவிட்டு இருவரும் நிம்மதியாக இருந்தார்கள். நான்தான் இதில் யார் யாரை ஏமாற்றினார்கள், சாமி யார் பக்கம் என்று கணக்குப் போட்டுப் போட்டுத் தோற்றேன்.

சிவப்புக் கிட்டாரை மாஸ்டரின் அக்காள் மகன் வாங்கிக்கொண்டான். அடுத்த கச்சேரியில் சித்தப்பா நின்ற இடத்தில் அவன் நின்றான். சித்தப்பா கொஞ்ச நாள் மேடையில் ஓரமாக நின்று கிலுகிலுப்பை ஆட்டினார், பிறகு அதற்கும் போகவில்லை. பளபளச் சட்டை பெட்டிக்குள் போய்விட்டது. எனக்கு அழுகையாக வந்தது. அவர் அழவில்லை. யாராவது கேட்டால், "சாமியே சொல்லிட்டாரு, நான் இன்னா பண்றது" என்று சொல்லிக்கொண்டு மண்ணெண்ணெய் அளந்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சித்தி கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா வழக்கம்போலக் கிட்டாரை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்.

"இங்கியே குந்தி வாசிங்களேன்" என்றாள் சித்தி.

அவர் தயங்கி நின்றார். பிறகு வந்து சுவரோரம் உட்கார்ந்தார். சினிமாப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். சித்தி கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அது வேணாம். டீச்சர் மொதமொதல்ல சொல்லிக்குடுத்தது எது? அதை வாசிங்க."

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. அந்த வீட்டில் டீச்சர் என்ற வார்த்தையை யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சித்தப்பா வெகுநேரம் முறுக்காணியைத் திருகிக்கொண்டே இருந்தார். சுதி சரியாகத்தான் இருந்தது.

"மாதா பாட்டு. சின்னதுதான்" என்றார்.

"சின்னதுன்னா இன்னா. வாசிங்க."

வாசித்தார். உண்மையிலேயே ரொம்பச் சின்னப் பாட்டுதான், ஆரம்பித்ததும் முடிந்துவிட்டது. இதற்கா இவ்வளவு நேரம் சுதி சேர்த்தார் என்று எனக்குத் தோன்றியது. சித்தப்பா தலையைத் தூக்கவில்லை. சித்தி உரித்த பருப்பை முறத்தில் ஒதுக்கிவிட்டு, "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. இன்னொருவாட்டி வாசிங்க" என்றாள்.

சித்தப்பா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். சித்திக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் முறத்திலிருந்து மல்லாட்டையை எடுத்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தேன்.