மாட்டு டாக்டருக்கு மூளை சூடாம்

கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்ததும், மலேசியாவில், ஜாசின் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கோயிலில் மாமா எனக்கு மாலை போட்டார். அம்மாவின் அண்ணன். கோயில் கமிட்டித் தலைவர். மைக் கிடைத்தால் விடமாட்டார். "நம்ம தோட்டத்துக்கு மொத டாக்டரு" என்று முழங்கிக்கொண்டிருந்தவரிடம் கீழேயிருந்து யாரோ, "மாட்டுக்குத்தானே தலைவரே?" என்று கேட்டார்கள். முகம் கறுத்து மேடையை விட்டு இறங்கினார். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அவர் என் படிப்பைப் பற்றிப் பேசவில்லை.

பல்கலைக்கழகத்திலும் மாமா மாதிரியே ஒருவர் இருந்தார், மைக்தான் இல்லை. உடற்கூறு விரிவுரையாளர். சாக்குக்குள் எலும்பைப் போட்டு, கையால் தடவியே என்ன எலும்பு, இடதா வலதா என்று சொல்லச் சொல்வார். தடுமாறுகிறவர்களை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துச் சிரிப்பார். கெட்டிக்காரர் என்று பெயர். பயந்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்க என்ன கெட்டிக்காரத்தனம் வேண்டிக் கிடக்கிறது?

இரண்டாம் ஆண்டில் எனக்கு முதலில் தூக்கம் போனது, பிறகு பசி. புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியில் கண் நின்றுவிடும். வாய்மொழித் தேர்வன்று சாக்குக்குள் கையை விட்டேன். எலும்பு தெரிந்தது, பெயரும் தெரிந்தது. வார்த்தைதான் வரவில்லை.

"மாட்டுக்குத்தான் பேச்சு வராது, டாக்டருக்குமா?" என்றார் ஆங்கிலத்தில். வகுப்பே சிரித்தது. அடுத்தது தாங்கள்தான் என்ற பயத்தில் சிரித்த சிரிப்பு அது.

அந்த வாரமே மலாக்கா பஸ் ஏறி வீட்டுக்கு வந்து படுத்தவள் எழவில்லை. குளிக்கக்கூட அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

மாமா வந்தார். மைலோவில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சொன்னார்: "ரொம்பப் படிச்சா மூளை சூடாயிரும்லா. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?"

மறுநாள் ஒரு சாமியாடியோடு வந்தார். அந்த ஆள் என் நெற்றியில் எலுமிச்சம்பழத்தை வைத்து, "நீ யாரு? என்ன வேணும்?" என்று அதட்டினான். "தூங்கணும்" என்றேன். காலேஜில் அறுத்த மாடு என்னைப் பிடித்திருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, மணிக்கட்டில் கயிறு கட்டினான். மாமா பயபக்தியோடு தலையாட்டினார்.

அவன் போனதும் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். "ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிறாதே. பைத்தியம்னு பேராயிரும். என் மகளுக்கு மாப்பிள்ள பேசிக்கிட்டிருக்கோம்."

அவருடைய அக்கறையெல்லாம் அவ்வளவுதான். அம்மா காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டாள். "மைலோ குடிச்சாச்சில்ல? கெளம்புண்ணே."

மறுநாள் காலை அம்மா பேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு என்னை மலாக்கா டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மலாய்க்கார டாக்டர், சின்ன வயசுப் பெண். எப்போதிலிருந்து தூக்கமில்லை என்று கேட்டு, நான் சொல்லி முடிக்கிறவரை காத்திருந்தார். இது வியாதி, மருந்து இருக்கிறது, சரியாக நாளாகும் என்றார். நாளானது. மாத்திரையில் உடம்பு ஊதியது, பகலெல்லாம் மந்தமாக இருந்தது. ஆனால் தூக்கம் வந்தது. ஒருநாள் நானே சோறு கேட்டேன். அம்மா அடுப்படியில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு திரும்பிப் போய் அதே பாடத்தை மறுபடி படித்தேன். சாக்குக்குள் கைவிட்டு எலும்பைச் சரியாகச் சொன்னேன். "பார்த்தீங்களா, திட்டினாத்தான் ஏறும்" என்று அந்த மனிதர் வகுப்பிடம் பெருமை பேசினார். பதில் சொல்லுமளவுக்கு அவரை நான் மதிக்கவில்லை.

அந்த ஆண்டு விடுமுறையில்தான் மாமா மகளின் கல்யாணம். அலோர் காஜாவில் மண்டபம். எங்கள் தோட்டத்து அக்கா ஒருத்தி, "எங்கேம்மா போயிருந்தே, ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "லூபோக் சீனா பக்கம் ஆட்டுப் பண்ணையில டிரெய்னிங்."

"இல்லக்கா. மனசு சரியில்லாம இருந்துச்சு. ஆஸ்பத்திரியில மருந்து எடுத்தேன்" என்றேன்.

மாமா சம்பந்தியைத் தேடுகிற மாதிரி நழுவினார். அக்கா என் கையைப் பிடித்துத் தூண் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"என் மகன் பரீட்சைக்கு அப்புறம் ரூமை விட்டு வெளிய வரல. யாருகிட்டயும் சொல்லல" என்றாள். "ஆஸ்பத்திரியில எந்தப் பக்கம் போய் நம்பர் எடுக்கணும்?"

சொன்னேன். காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் குறைவாக இருக்கும் என்றும் சொன்னேன்.