சந்தனம் வைத்த முதல் பதிப்பு

சரஸ்வதி பூஜையன்று காலை குளித்துவிட்டு வந்தவன், சாமி படத்தின் முன்னால் பார்த்த காட்சியில் அப்படியே நின்றுவிட்டேன். மகளின் பாடப்புத்தகங்கள், மனைவியின் தையல் கத்தரிக்கோல், என் ஏலக்காய்க் கடைக் கால்குலேட்டர். அடுக்கின் உச்சியில், அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருத்தி எழுதிய நாவலின் முதல் பதிப்பு. அதன் காகித மேலுறையில் மூன்று இடத்தில் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

இந்த மாதிரி கறுப்பினப் பெண்கள் எழுதிய நாவல்களின் முதல் பதிப்புகளைச் சேர்ப்பதுதான் என் பைத்தியம். போடியில் ஏலக்காய் விற்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்காத ஆளில்லை. அவை வெளிவந்த காலத்தில் அச்சடித்ததே கொஞ்சம். வாங்கியவர்களும் மேலுறையைக் கிழித்து எறிந்தார்கள். கிழியாத அந்த ஒரு காகிதத்துக்காகப் பல வருஷம் அலைந்திருக்கிறேன்.

"யாரு இத எடுத்தது?" என்று கர்ஜித்தேன். கீச்சென்றுதான் வந்தது.

பூஜைக்காகக் கோம்பையிலிருந்து வந்திருந்த அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நாந்தேன். ஊரெல்லாம் அதப் பெருசாப் பேசுறயே, அத வைக்காம வேற என்னத்த வைக்க? பிளாஸ்டிக் உறை வேற மாட்டி வச்சிருக்க. சாமிக்குப் பிளாஸ்டிக்கோடவா வைப்பாக? உருவிப் போட்டேன்."

இத்தனை வருஷமாக அதைப் பழைய பேப்பர் என்றவள்! இந்த வருஷம் பார்த்து மரியாதை பொங்கிவிட்டது.

எடுக்கப் போனேன். மனைவி கையைத் தட்டிவிட்டாள்.

"ஏங்க, நாளைக்கு மறுபூஜை முடியாமப் புத்தகத்தத் தொடுவாகளா? பிள்ள பரீட்சை எழுதணும்."

நாளைக்குள் சந்தனம் காகிதத்தில் ஊறிவிடும். என் மூளை செய்த வேலையைக் கேளுங்கள்: தொடத்தானே கூடாது, காயவைக்கலாமே என்று ஃபேனை முழுவேகத்தில் வைத்தேன். விளக்கு அணைந்தது. தட்டிலிருந்த குங்குமம் மொத்தமும் பறந்து, பாதி மேலுறையிலும் பாதி என் ஈரத்தலையிலும் இறங்கியது.

"கிறுக்குப் பயலே, சாமி விளக்க அணச்சுட்டியேடா!"

அக்கா மேல் கோபம், மனைவி மேல் கோபம், எல்லோரையும்விட என் மேல் கோபம். அந்த நாவலை எழுதியவளை உயிரோடிருந்தபோது ஒருத்தரும் மதிக்கவில்லை. அத்தனை அலட்சியத்தையும் தாண்டி வந்த காகிதம், என் வீட்டு மரியாதையில் செத்துக்கொண்டிருந்தது. இதை யாரோடு சண்டைபோட்டுத் தீர்ப்பது?

இரண்டு பேரும் கத்தக் கத்தப் புத்தகத்தை உருவிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மெல்லிய பிரஷ்ஷால் தட்டியதில் குங்குமத்தூள் போனது. சந்தனம் போகவில்லை, மூன்று வட்டமும் மஞ்சளாக உட்கார்ந்துவிட்டன.

மூச்சிரைக்க ஏறிவந்த அக்கா, "ஏலே, கீழ வந்து சாமிகிட்ட மன்னிப்புக் கேளு" என்றாள்.

மேலுறையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "மொதல்ல நீ இந்தம்மாகிட்டக் கேளு!"

அவள் குனிந்து பார்த்தாள். "பொட்டு வச்சதுக்கா?"

"கேளுன்னா கேளு!" என்று இன்னும் பலமாகக் கத்தினேன்.