நேரில் வந்து மொய் செய்த நான்கு பேர்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தேன். அன்றிலிருந்து மைக் சத்தம் கேட்டாலே எனக்கு முதுகு சில்லிடுகிறது. ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

பத்திரிகை வந்தது ஒரு மாதத்துக்கு முன்னால். சிவகாசியில் அடித்த பத்திரிகைக்குக் கேட்கவேண்டுமா? வழவழப்புக் காகிதம், தங்கக் கோடு, மூலையில் பிள்ளையார். எல்லாம் முறையாகத்தான் இருந்தது - கடைசி வரியைத் தவிர. 'பரிசுப் பொருட்கள் வேண்டாம். மொய்யாக மட்டும் செய்யவும்.'

மொய் நமக்குப் புதிதா? இல்லைதான். ஆனால் அதை அச்சடித்துக் கேட்பார்களா? ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு நழுவுகிற என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய அடி. டீக்கடையில் பத்திரிகையை வாங்கிப் படித்த ஒருவர், "மணியார்டர் பாரத்தையும் கூட வச்சிருக்கலாம்லண்ணே, அவுகளுக்குச் சோறாவது மிச்சம்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பத்திரிகை வைத்தவர் வேலுச்சாமி. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். மனைவி போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் செல்வி, அவளுக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளை விருதுநகர்.

'இருந்தவர்' என்று சொன்னேன் அல்லவா... இரண்டு தீபாவளிக்கு முன்னால், சீசன் நேரத்தில், வெடிமருந்து செலுத்தும் அறை வெடித்தது. உள்ளே இருந்த நான்கு பேரும் போய்விட்டார்கள். நான்கு பேரும் ஆமத்தூர். அவர்களை வேலைக்குச் சேர்த்துவிட்டதே வேலுச்சாமிதான். லோடு ஏற்ற லாரி வந்திருக்கிறது என்று யாரோ கூப்பிட, அவர் வெளியே போயிருந்தார். பத்து நிமிஷம். அதற்குப் பிறகு அவர் கம்பெனிப் பக்கமே போகவில்லை.

பத்திரிகை வைக்க வந்த அன்றே கேட்டேன். ஏன் இப்படி ஒரு வரி? அவர் சாதாரணமாகத்தான் பதில் சொன்னார்.

"சாமான் வேண்டாம்ணே. வைக்கதுக்கு அங்கன இனிமே ஆள் இருக்காது."

மகளோடு விருதுநகர் போய்விடுகிறாயா என்றேன். சிரித்தார். செல்வி பெயரில் பாஸ்புக் போட்டாயிற்று, வருகிற மொய் முழுவதும் அதற்குப் போய்விடும், வீட்டையும் அவள் பெயருக்கே எழுதிவிட்டேன் என்றார். "இந்த ஒரு வேலைதாம்ணே பாக்கி. முடிஞ்சிட்டா நான் கிளம்பலாம்."

எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் சும்மாவே கவலைப்படுகிறவன். உங்களுக்குத்தான் தெரியுமே - கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்த ஆள். அந்தக் 'கிளம்பலாம்' ஒரு மாதமாக என்னைச் சாப்பிடவிடவில்லை. வீட்டில் சொன்னேன். காசி, ராமேஸ்வரம் என்று போவாராயிருக்கும் என்றாள் மனைவி. இருக்கும்... இருக்காதா?

கல்யாண நாள் வந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்தான். ஆனால் கையெழுத்து குண்டுகுண்டாக இருக்கும். அதனால் எந்த விசேஷத்திலும் மொய் மேஜை எனக்குத்தான். பக்கத்தில் மைக் பிடித்தவர் வெளியூர்க்காரர். நான் எழுத எழுத அவர் வாசிப்பார். தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. வேலுச்சாமி முகத்தில் எந்தக் கலவரமும் இல்லை. அதுதான் எனக்குக் கலவரமாக இருந்தது.

ஒரு பெண் வந்து நூற்றியொரு ரூபாயை வைத்தாள். பெயர் கேட்டேன்.

"ஆமத்தூர் கருப்பசாமின்னு எழுதுங்க."

பாதி எழுதிய பிறகுதான் கை நின்றது. கருப்பசாமி அந்த நான்கு பேரில் ஒருவர். வந்து நிற்பவள் அவர் மனைவி மாரியம்மாள். ஆள் போய்விட்டால் மகன் பெயரில் எழுதுவோம். இல்லையென்றால் மனைவி பெயரில். இறந்தவர் பெயரில் நான் எழுதியதே இல்லை. உன் பேரைப் போடட்டுமா தாயி என்று மெதுவாகக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாமாம். எழுதினேன்.

மைக் பிடித்தவருக்கு இதெல்லாம் தெரியுமா? கணீரென்று ஆரம்பித்தார். "ஆமத்தூர் கருப்பசாமி அவர்கள், நேரில் வந்திருந்து மணமக்களை வாழ்த்தி, நூற்றியொரு ரூபாய்..."

பந்தியில் சத்தம் நின்றது. ஆமத்தூர்க்காரர் ஒருவர் எடுத்த கவளத்தோடு வாசலைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். யாருமில்லை, கழற்றிப்போட்ட செருப்புகள் மட்டும். பட்டப்பகல் பதினோரு மணி. எனக்கு வியர்த்துக்கொட்டியது.

மாரியம்மாளுக்குப் பின்னால் இன்னொரு பெண். இன்னொரு நூற்றியொன்று. அவளும் புருஷன் பெயர். மூன்றாவதாக வந்த வயதான அம்மா, மகன் பெயரைச் சொன்னார். நான்காவதும் வந்தது. ஒவ்வொருவரையும் மைக் 'நேரில் வந்திருந்து' என்று வரவேற்றுக்கொண்டே இருந்தது. நானும் எழுதிக்கொண்டே இருந்தேன்.

எப்போது வந்தாரோ, வேலுச்சாமி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காந்திருந்த வரிசையிலயே வந்திருக்காகண்ணே" என்றார்.

அந்த அறையில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று இந்தப் பெண்களுக்கு எப்படித் தெரியும்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

நான்கு பேர் பணத்தையும் அள்ளி அவர் மாரியம்மாளிடம் நீட்டினார். உங்களிடம் வாங்க எனக்கு முகமில்லை, கொண்டுபோங்கள் என்றார். அவள் வாங்கவில்லை.

"வச்ச மொய்ய எடுக்கக்கூடாதுண்ணே. எம் மக ஒண்ணாப்பு படிக்கா. அவ கல்யாணத்துக்கு நீங்க இதைத் திருப்பிச் செய்யணும். யார்கிட்டயும் கொடுத்தனுப்பக்கூடாது, நீங்களே வரணும். அதுவரைக்கும் எங்கயும் கிளம்பிராதீக."

'கிளம்பிராதீக.' அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பத்திரிகை வைக்கப் போன அந்த நான்கு வீட்டிலும் அவர் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். நான் ஒரு மாதம் உட்கார்ந்து கவலைப்பட்டேன். அவர்கள் ஒன்றாகக் கிளம்பி வந்துவிட்டார்கள்.

வேலுச்சாமி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். வெடித்த நாளில்கூட அழாத மனுஷன் என்பார்கள். அன்று மொய் மேஜை மீது தலையைக் கவிழ்த்து அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவதாக வந்த அம்மாவிடம் பேரனுக்கு என்ன வயது என்று கேட்டார்.

இன்னும் பால்வாடிக்கே போகவில்லையாம்.

மொய்யைக் கடன் என்று நாம் எம்புட்டுக் கேலி செய்கிறோம்! கிளம்ப நினைத்த ஒரு ஆளை அது இந்தப் பக்கமே உட்காரவைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். இனி குறைந்தது இருபது வருஷத்துக்கு வேலுச்சாமி எங்கும் போகமுடியாது...

நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.