மறுதாம்பு

ஆலன் நகரிலுள்ள எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது, சுவரோரம் கிடந்த துளைக் குழாயிலிருந்து தண்ணீர் கசிவதைப் பார்த்துவிட்டு என் மாமனார், "வூட்டுக்கு எதுக்கு அம்மிணி தண்ணி?" என்று கேட்டார். டெக்சஸ் வெயிலில் இங்குள்ள கருப்பு மண் காய்ந்து வெடித்தால் அஸ்திவாரம் ஆட்டம் காணும், அதனால் வீட்டுக்கும் தண்ணீர் விடுவோம் என்றேன். குனிந்து ஒரு கட்டியை எடுத்து விரல்களுக்கிடையில் நொறுக்கிப் பார்த்தார்.

அதற்கு மேல் பேச எங்களுக்கு எதுவும் இல்லை. அவருடைய ஒரே மகன், என் கணவர், மாரடைப்பில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. சத்தியமங்கலத்தில் கரும்பு விவசாயம் செய்துகொண்டிருந்தவர், மனைவியையும் முன்பே இழந்தவர், விசிட்டர் விசாவில் எங்களுக்குத் துணையாக வந்திருந்தார். காலையில் அவர் கொல்லைப்புறத்தில் நடப்பார். நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பேன். என் மகள் பள்ளியிலிருந்து வந்தால்தான் வீட்டில் குரல் கேட்கும்.

ஒருநாள் இந்த மனை எவ்வளவு என்று கேட்டார். கால் ஏக்கர் என்றேன். மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவது என் வேலை. சொற்களைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஏதாவது பேசவேண்டுமே என்று ஏக்கரைத் தேடினேன். பழைய ஆங்கிலத்தில் அது வெறும் வயல். பின்னால் ஓர் ஏர் ஒரு நாளில் உழுது முடிக்கும் நிலம் என்ற அளவாகியிருக்கிறது. சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அட, வெள்ளைக்காரனும் மாட்டைக் கட்டித்தான் அளந்திருக்கானா!" மறுநாள் ஃபர்லாங் என்றால் உழவுச்சாலின் நீளம் என்று சொன்னேன். "பஸ் ஸ்டாப்புக்கு ரெண்டு பர்லாங்குன்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பேன். அது நம்ம சாலா?" என்று அதையே நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பிறகு தினமும் காப்பி நேரத்தில் என்னிடம் ஒரு சொல் எதிர்பார்த்தார்.

ஹஸ்பெண்ட் என்ற சொல்லை மட்டும் நான் எடுக்கவே இல்லை. அதை என் மகள்தான் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு உடையவன் என்று பொருளாம், பிறகு நிலத்தை உழுபவனையும் அப்படி அழைத்தார்களாம் என்று ஆங்கிலத்தில் படித்தாள். நான் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னேன். மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார். "அவன் கம்ப்யூட்டருலதான் உழுதான்" என்றார். மகன் போனபிறகு அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். நானும் அழுதேன். மகள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஒவ்வொரு கோடைக்கும் வரத் தொடங்கினார். மூன்றாவது முறை அவர் வந்தபோது என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது. பக்கத்து ஊரான பிளானோவில் என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துக்காரர், விவாகரத்தானவர், என்னை மணந்துகொள்ளக் கேட்டிருந்தார். எனக்கும் பிடித்திருந்தது. மகளுக்கு மட்டும் தெரியும். ஆனால் மகனை இழந்தவரிடம் அதை எந்த வாயால் சொல்வது? அவர் ஊர் திரும்பும்வரை தள்ளிப்போடலாம் என்றிருந்தேன்.

அந்த வாரம் டிவியில் ஏதோ ஊரில் புயலடித்துக் கூரைகள் பறந்து கிடந்தன. ஆஃப்டர்மாத், ஆஃப்டர்மாத் என்று செய்தியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். என்ன அது என்று மாமனார் கேட்க, "எவ்ரிதிங் இஸ் கான், தாத்தா" என்றாள் மகள். எல்லாம் போனபின் மிஞ்சும் நாசம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேடினால் வேறு வந்தது. மாத் என்றால் புல்லறுப்பு. அறுத்த இடத்தில் மறுபடி முளைக்கும் புல்தான் ஆஃப்டர்மாத்.

"மறுதாம்பு" என்றார் உடனே. "கரும்பை வெட்டுனா கட்டைதானே நிக்குதுன்னு தோணும். வேரு உசுரோட கெடக்குதல்லோ? தண்ணி காட்டுனாத் தழைஞ்சுரும். அதைப் போயி இவன் இழவு செய்திக்குச் சொல்றான்!"

டிவியை அணைத்தார். என்னைப் பார்க்காமலே, "சின்னவ எல்லாஞ் சொல்லிப்போட்டா அம்மிணி. அந்தத் தம்பியை ஒருநாள் சோத்துக்கு வரச் சொல்லு" என்றார்.

"மாமா..." என்றேன். "எனக்குக் கஷ்டமில்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா நீ இப்படியே கெடந்தா அது அதைவிடக் கஷ்டம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த யாழ்ப்பாணத்துக்காரர் சாப்பிட வந்தார். மாமனாரே பக்கத்தில் நின்று ரசம் ஊற்றினார். சாப்பிட்டு முடிக்கும்போது விருந்தாளி மெல்லக் கேட்டார்: "நான் உங்களை என்னெண்டு கூப்பிடுறது? அங்கிள் எண்டு சொல்ல மனம் வரேல்லை."

மாமனார் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்தார்.

"என் மவன் அப்பான்னு கூப்புடுவான்" என்றார். "அது சும்மாதான் கெடக்குது."