தொண்ணூறோடு முடிந்த அட்டை

பட்டறையில் அவளை எல்லோரும் ஓட்டையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாரோ கேலியாக வைத்த பேர். அவள் சண்டைக்குப் போகாததால் கேலி தேய்ந்துபோய்ப் பேர் மட்டும் நின்றுவிட்டது. இரும்புத் தகடுகளில் துளை போடுவது அவள் வேலை. கூட்டிப் பெருக்க வந்தவள், மெஷினுக்கு ஆள் இல்லாத ஒரு வாரம் கைப்பிடியைப் பிடித்தாள். பதினோரு வருஷமாகியும் விடவில்லை.

மெஷினின் மேசையை இடம் வலமாக நகர்த்த ஒரு கைப்பிடி, முன்னும் பின்னும் நகர்த்த இன்னொன்று. தகட்டின் நடுப்புள்ளியிலிருந்து வலது பக்கம் இவ்வளவு, மேலே இவ்வளவு என்று ஒவ்வொரு துளைக்கும் டிராயிங்காரர் இரண்டு எண் எழுதித் தருவார். இடது பக்கம் என்றாலோ கீழ்ப்பக்கம் என்றாலோ எண்ணுக்கு முன்னால் மைனஸ் இருக்கும். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று அவள் கேட்டதே கிடையாது. பத்தாம் வகுப்புக் கணக்கில் பதினேழு மார்க் வாங்கிப் படிப்பை விட்டவள் அவள்.

ஒரு மழைக்காலத்தில் டிராயிங்காரர் வண்டியோடு சறுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். அந்த வாரம் பார்த்துத் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பன்னிரண்டு கனத்த மூடிகள் கேட்டு வேலை வந்தது. ஒவ்வொன்றிலும் ஆறு துளை. நடுவிலிருந்து எல்லாமே இருநூறு மில்லிமீட்டர் தூரம். வரைபடத்தில் கோணம் மட்டும்தான் இருந்தது: இருபது, அறுபத்தைந்து, நூற்று நாற்பது, இருநூற்றுப் பத்து, இருநூற்று ஐம்பத்தைந்து, முந்நூற்று இருபது.

ஃபோர்மேன் தன் அறைச் சுவரில் தொங்கிய பழைய அட்டையைக் காட்டினார். ஒவ்வொரு டிகிரிக்கும் சைன், காஸ் அச்சடித்த அட்டை.

"நடுவுல இருந்து வலது பக்கம் ஒரு படுத்த கோடு போகுதுன்னு வச்சுக்கம்மா. அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிரா கோணத்தை எண்ணணும். காஸை இருநூறால பெருக்கினா இடம் வலம். சைனைப் பெருக்கினா மேல கீழ. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

ஆபீஸில் இருந்த ஒரே கால்குலேட்டருக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தவிர வேறு எதுவும் தெரியாது. பெருக்குவதற்கு அது போதும். இருபதும் அறுபத்தைந்தும் சுலபமாக வந்தன. நூற்று நாற்பதைத் தேடியபோது அட்டை தொண்ணூறோடு முடிந்திருந்தது.

"மீதி எங்க சார்?"

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "கிழிஞ்சு போயிருக்கும். டிராயிங்காரர் வரட்டும், வேற என்ன பண்றது? சனிக்கிழமை கேட்டிருக்காங்க, லேட்டாகும்னு போன் பண்ணிச் சொல்லிடறேன்."

அவள் சரியென்று தலையாட்டினாள். ஆனால் அட்டையில் இருந்ததை ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அவள் கணவர் தையல்காரர். முன்னறை முழுக்க அவருடைய வெட்டும் மேசைதான். அன்று சாயங்காலம் ஒரு சட்டைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். வலது முன்பக்கத்துக்குத் தன் அளவு அட்டையை வைத்துக் கோடு போட்டார். பிறகு அதே அட்டையைத் திருப்பிப் போட்டு இடது பக்கத்துக்கும் கோடு போட்டார்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவருடைய காக்கித் தாள்களில் ஒன்றை உருவி, சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து ஒரு வட்டம் போட்டாள்.

"சட்டைக்கு இவ்வளவு பெரிய பட்டனா?" என்றார் அவர்.

"கொஞ்சம் சும்மா இருங்க. நூத்தி நாப்பது இங்க வருது. இடது பக்கத்துக் கோடு நூத்தி எம்பது. அதுக்கு இன்னும் நாப்பதுதான் பாக்கி. தாளை நடுவுல மடிச்சா இது போய் அந்தப் பக்கத்து நாப்பது மேலயே உட்காருது. அப்ப அதே எண்தானே? இடது பக்கம், அதனால காஸுக்கு மட்டும் மைனஸ்."

"மடிச்சா ஒட்டுதுன்னா ஒண்ணுதான்" என்றார் அவர், கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

இருநூற்றுப் பத்து, அந்த இடது கோட்டைத் தாண்டி முப்பது. இடதும் கீழுமாக இருப்பதால் இரண்டுக்கும் மைனஸ். முந்நூற்று இருபது, முழுச் சுற்றுக்கு நாற்பது குறைவு. வலது பக்கம், ஆனால் கீழே. இருநூற்று ஐம்பத்தைந்தை அவள் நேர் கீழே போகும் கோட்டுக்குப் பதினைந்து குறைவு என்று எழுதினாள். அந்தக் கோடுதான் பக்கத்தில் இருந்தது.

மறுநாள் ஃபோர்மேனிடம் தாளைக் காட்டினாள். அவர் ஒரு மூடியை மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னார். நான்கு துளைகள் ஒழுங்காக விழுந்தன. ஐந்தாவது, நான்காவதை ஒட்டிக்கொண்டு இரண்டு அங்குல தூரத்தில் விழுந்தது. கீழே இருக்க வேண்டிய துளை இடது பக்கம் போயிருந்தது. அவள் மெஷினை நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு நேராக ஃபோர்மேன் அறைக்குப் போனாள்.

"சார், ஒரு மூடி போச்சு. நான்தான் கெடுத்தேன்."

அவர் வந்து குனிந்து பார்த்தார். "ரெண்டும் ஊர்வம்பு பேசற மாதிரில்ல பக்கத்துல பக்கத்துல நிக்குது."

அவள் சிரிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றதையெல்லாம் படுத்த கோட்டிலிருந்து எண்ணியிருந்தாள். இது ஒன்றை மட்டும் நிற்கும் கோட்டிலிருந்து எண்ணியிருந்தாள்.

"அட்டைக்குப் படுத்த கோடு மட்டும்தான் தெரியும் சார். பக்கத்துல எந்தக் கோடு இருக்குன்னு பார்த்தது தப்பு. நூத்தி எம்பதைத் தாண்டி எழுபத்தஞ்சு, அதைத்தான் எடுத்திருக்கணும். அம்பத்தொண்ணே முக்கால் இடது, நூத்தித் தொண்ணூத்தி மூணு கீழ."

"அப்ப அதையே போடு. இந்த ஓட்டையை வெல்டிங்ல அடைச்சுக்கலாம்."

நூற்று நாற்பதும் முந்நூற்று இருபதும் எதிரெதிராக நிற்கும் துளைகள். மீதி இரண்டு துளையையும் போட்டுவிட்டு இவற்றுக்கு நடுவே அளந்தாள்; சரியாக நானூறு. அதன் பிறகுதான் அடுத்த மூடியை மேசையில் ஏற்றினாள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பன்னிரண்டும் முடிந்தன.

ஒரு மாதம் கழித்து ஊன்றுகோலோடு வந்த டிராயிங்காரர் அவளுடைய தாளை இரண்டு முறை படித்தார்.

"இதை யாரு சொல்லிக் கொடுத்தாங்கக்கா?"

"ஒரு மூடியைக் கெடுத்துக் கத்துக்கிட்டேன் சார்."

"பாடப் புத்தகத்துல இதுக்குக் குறிப்புக் கோணம்னு பேரு. சரி, மைனஸ் அம்பதுன்னு போட்டுக் கொடுத்தா என்ன பண்ணுவீங்க?"

அவள் யோசித்தாள். "எதிர்ப்பக்கமா சுத்தியிருக்காங்க. வலது பக்கம், கீழ. அம்பதோட எண்ணேதான்."

"எழுநூத்தி அம்பது?"

"ரெண்டு சுத்து வீணா சுத்தியிருக்காங்க. முப்பதுதான் மிச்சம்."

அவர் ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அதன் பிறகு அவர் கோணங்களை மட்டும் அனுப்புவார். எண்களை அவள் போட்டுக்கொள்வாள். சில நாள் அவர் போட்ட கணக்கையும் அவளிடம் பார்க்கச் சொல்வார். ஒருமுறை ஒரு மைனஸ் விட்டுப்போனதை அவள் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினாள். அடுத்த வரைபடம் வந்தபோது அதன் கீழ்மூலையில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"இதுல கையெழுத்துப் போடுங்கக்கா" என்றார் டிராயிங்காரர்.

"நானா?"

"வேற யாரு சரிபார்த்தாங்க?"

அவள் எண்ணெய்க் கையைத் துணியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள். பேனாவை வாங்கி, கட்டத்தைத் தாண்டாமல் மெதுவாக எழுதினாள். மை காயும்வரை தாளைப் பிடித்திருந்துவிட்டு, மெஷினுக்கு மேலே இருந்த கிளிப்பில் மாட்டினாள். முதல் துளை நூற்று முப்பத்தைந்து. கைப்பிடியை இடது பக்கம் சுற்றத் தொடங்கினாள்.