அம்மா வாயில் வைத்த விரல்

என் தம்பியின் விரலைப் பற்றி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேசாத வாய் இல்லை. அவர்கள் பேசியது போதும். இனி நான் சொல்கிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள் எழுத வந்துவிட்டாளே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நான் நின்றதும் அந்த விரலால்தான்.

கண்டிக்கு மேலே ஹந்தானையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். தம்பி பிறந்த மூன்றாம் மாதம், இடது கையில் இரண்டு விரல்களின் நுனியில் பட்டாணி அளவுக்குச் சிவந்து, கெட்டியாகக் கட்டிகள் எழும்பின. தொட்டால் அழமாட்டான். தோட்டத்து மருந்துக்கார ஐயா ஒன்றை வெட்டி எடுத்தார். அது முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் குஷ்டம், பெருவியாதி என்ற பேச்சுக் கிளம்பியது.

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் பிள்ளைக்காம்பரா. அங்கே இருந்த ஆயம்மா, தம்பியை இனித் தொட்டிலில் போட முடியாது என்று சொல்லிவிட்டார். அம்மா வேலைக்குப் போகாவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது. ஆகவே என் சிலேட்டைக் கூரைக்கடியில் செருகிவிட்டுத் தம்பியை என் இடுப்பில் ஏற்றினார்கள். வாத்தியாரின் பிரம்புக்குத் தப்பினேன் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

பத்து மணிக்குப் பெண்கள் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்குவார்கள். எல்லோரும் உள்ளே. நாங்கள் மட்டும் வாசலுக்கு வெளியே, கொய்யா மரத்தடியில்.

ஒருநாள் நல்ல மழை. அம்மா என்னிடமிருந்து தம்பியை வாங்கிக்கொண்டு நேரே உள்ளே நுழைந்தாள். பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து மூடிக்கொண்டார்கள். அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மாவும்தான்.

"வெளிய போ தங்கச்சி. ஒட்டிக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் ஆயம்மா.

அம்மா கத்தவில்லை. தம்பியின் அந்த இரண்டு விரல்களையும் தன் வாயில் வைத்துச் சப்பினாள். தலைத்துண்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒவ்வொருத்தியாகப் பார்த்தபடி, நிதானமாகச் சப்பினாள்.

"ஒட்டுனா மொதல்ல எனக்கு ஒட்டட்டும். தெனம் வந்து இதத்தான் செய்வேன். என் வாயி அழுகுற அன்னைக்கி நானே புள்ளையத் தூக்கிட்டுப் போயிர்றேன். அது வரைக்கும் தொட்டிலக் கட்டுங்கக்கா."

தம்பி கெக்கலித்தான். அவனுக்கு விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நானும் சிரித்தேன். ஆயம்மா நகரவில்லை. பெரியம்மாதான் எழுந்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல் தொட்டிலைக் கட்டினாள்.

கண்டி ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இது யாருக்கும் ஒட்டாது, வெட்டவும் வேண்டாம், தானாகக் கரையும் என்றார். தம்பிக்கு மூன்று வயது முடிவதற்குள் கரைந்தும் போனது. அந்தக் கையால்தான் அவன் பின்னால் முப்பது வருஷம் பஸ் ஓட்டினான். என் சிலேட்டை மட்டும் யாரும் இறக்கித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

டாக்டர் சொன்ன தைரியத்தில்தான் அம்மா அப்படிச் செய்தாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். முன்னது எது, பின்னது எது என்று எண்ணிப் பார்க்காத வயது. அவள் கண்டிக்குப் போனது அந்த மழைக்கு அடுத்த மாதம்.